சிவப்புத் தலைக் கட்டை

போன வருசம் மகன் என்னை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிட்டிருந்தான். எங்கள் ஊரான அக்கராயனை விட்டு அவ்வளவு தூரம் நான் போனது அதுதான் முதல் தடவை. ஒரு நாள் அவனும் மருமகளும் பாலைவனத்தில் உள்ள சிவப்புப் பாறைகளைப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். மண்ணும் சிவப்பு, மலையும் சிவப்பு. பின்னேர வெயிலில் பாறைகள் தணல் மாதிரி நின்றன. வடிவுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

மருமகள் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல பிள்ளை. எனக்குத்தான் கூச்சம், போய் இரண்டு கிழமையாகியும் அவளோடு நாலு சொல் கதைத்திருக்கமாட்டேன்.

நடைபாதை ஓரமாக, தலையில் சிவப்புப் பூசிய சின்னக் கட்டைகள் நட்டிருந்தார்கள். அவள் படம் எடுக்க அவற்றைத் தாண்டி மணலுக்குள் இறங்கிவிட்டாள். எங்கள் ஊரில் அப்படிக் கட்டை நின்றால், அதற்கு அப்பால் மிதிவெடி இருக்கிறது என்று அர்த்தம்.

“அசையாதை பிள்ளை! காலை எடுக்காதை!”

நான் கத்திய கத்தலில் வெள்ளைக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன மாமி, பாம்போ?”

அவள் பதித்த காலடிகளிலேயே கால் வைத்துப் போய்க் கையைப் பிடித்தேன். “என்ர காலடியைப் பார்த்து மிதிச்சு வா.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதையில் நின்ற மகனின் முகத்தைக் கண்டதும் அடங்கிவிட்டாள்.

காரில் ஏறியதும் என்னவென்று கேட்டாள். மிதிவெடி என்றேன். மாமாவும் அதில்தான் போனவர் என்றேன்.

“மாமா காய்ச்சலிலை எண்டெல்லோ இவர் சொன்னவர்?”

மகன் ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சண்டை முடிந்து ஊரில் மீள்குடியேறிய புதிதில் விறகுக்குப் பெரிய கஷ்டம். எங்கள் பின்வளவு எல்லையில் ஒரு சிவப்புத் தலைக் கட்டை சரிந்து கிடந்தது. தொடக்கூடாது என்று மிதிவெடி அகற்ற வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். மற்றக் கட்டைகள் நிற்கின்றனதானே என்று நான் அதை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டேன். நாலாம் நாள் என் மனுசன் மாட்டைத் தேடி, அந்தக் கட்டை நின்ற இடத்தால் உள்ளே போனார்.

“கட்டையை எடுத்தது நான்தான் தம்பி” என்றேன்.

அவன் காரை ஓரமாக நிறுத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரியும் அம்மா. அப்பா செத்த அண்டைக்கே சாம்பலுக்குள்ள சிவப்புப் பூசின துண்டைக் கண்டனான். எடுத்துப் புதைச்சுப்போட்டன். இவள் உங்களைத் துருவிக் கேப்பாள் எண்டுதான் காய்ச்சல் எண்டு சொன்னனான்.”

மருமகள் முன்னால் இருந்து இறங்கிவந்து, பின்னால் என் பக்கத்தில் இருந்தாள்.

தகப்பன் போனபோது அவனுக்குப் பதினாலு வயது. அந்தத் துண்டைக் கண்ட பிறகும், அதே அடுப்பில் நான் ஆக்கிப் போட்ட சோற்றை ஒரு கேள்வி கேட்காமல் அவன் எப்படித் தின்றான் என்பதுதான், அடுப்பு மூட்டும் ஒவ்வொரு நாளும் என்னை வதைக்கிறது.