முதலில் ஜன்னல்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒட்டாதண்ணன்' என்றால்தான் திரும்புவார். பத்தொன்பது வருடமாக ஒரே வேலை: தலைமுடி பருமனுள்ள கண்ணாடிக் குழாயின் உட்சுவருக்குப் பூச்சு கொடுப்பது. வெறும் கண்ணாடி புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். பூசிய குழாயில் மின்சாரம் பாய்ந்தால் ஒவ்வொரு புரதமும் அதனதன் வேகத்தில் வழுக்கிப்போய்த் திரையில் தனித்தனி முகடாக எழும். ஒட்டினால் முகட்டுக்கு வால் முளைக்கும். பக்கத்து முகடு அதில் மறைந்துவிடும்.

அன்று வந்த ரத்தம் தங்கை பிள்ளையுடையது. பிறந்து ஐந்து நாள். அப்பா, அம்மா இருவர் ரத்தத்திலும் கோளாறான புரதம் கொஞ்சம் உண்டு. பிள்ளைக்கு நல்லதும் சேர்ந்து வந்திருந்தால் பயமில்லை. வராவிட்டால் ஆயுளுக்கும் நோய். காலையில் பழைய குழாயில் ஓட்டியபோது எல்லாம் ஒன்றாக அப்பிக்கிடந்தது. குதிகாலில் குத்தி எடுத்ததில் ஒரு துளிதான் மிச்சம்.

"இன்னொரு தடவ குத்த வேணாம்ணா. அவன் அழுதா எனக்குத் தாங்காது," என்றாள் தங்கை, வராந்தா பெஞ்சில் பிள்ளையை அணைத்தபடி.

"குத்த விடமாட்டேன். நீ மொதல்ல ஏதாவது சாப்பிடு."

புதுக் குழாயைப் பூசினார். உள்ளே போகும் புரதத்தைக் கருவி பார்க்க வெளிச்சம் ஊடுருவ வேண்டும்; அதற்காகக் குழாய் உடையாமலிருக்க வெளியே போர்த்திய பிளாஸ்டிக் மேல்தோலை ஓரிடத்தில் நக அகலம் சுட்டெடுக்க வேண்டும். அதற்கு ஜன்னல் என்று பெயர். சுட்டார். சுட்ட பிறகுதான் உறைத்தது. ஜன்னல் முதலில், பூச்சு பிறகு என்பதுதான் முறை. இப்போது உள்பூச்சும் அங்கே கருகியிருக்கும்.

"என்னண்ணே, ஜன்னல்ல வேடிக்கையா?" என்றாள் எதிர்மேசைப் பெண்.

"என் புத்தியத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எங்கேயோ மேயுது."

வராந்தாவுக்குப் போனார். "தப்பு பண்ணிட்டேன். இன்னும் மூணு மணி நேரம் ஆகும்."

"அந்தத் துளி?"

"தொடல."

வேறொரு குழாயில் ஜன்னல் சுட்டார், கழுவினார், பூசினார், காத்திருந்தார். முதலில் வேறு ரத்தத்தை ஓட்டிப் பார்த்தார், வால் இல்லை. பிறகுதான் பிள்ளையின் துளி. திரையில் கோடு ஏறியது, தரைவரை இறங்கியது, மறுபடி ஏறியது. நல்லது தனியாக, கோளாறு தனியாக.

டாக்டரம்மா பார்த்துத் தலையசைத்த பிறகே வெளியே வந்தார்.

"நல்லது இருக்கு. அவனும் உன்ன மாதிரியேதான். நோய் இல்ல."

"அப்போ குத்த வேணாமே?" அழுதுகொண்டே கேட்டாள்.

"வேணாம்டி."

குதிகாலில் இருந்த பிளாஸ்திரியை அவள் பிய்க்கப்போனாள்.

"இழுக்காத, தோலோட வரும்," என்றவர், விரலை நனைத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினார். கால் மணி நேரமானது. பிள்ளை விழிக்கவே இல்லை.