ஜோடி கெட்ட கதை

ஒரே முகத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்துவிட்டால் பெற்றவளுக்கு மட்டுமா கொண்டாட்டம்? பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொண்டாட்டம்தான். அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

வீட்டில் அவர்களைப் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவள் அப்படியொன்றும் பெரியவள் இல்லை. தங்கையைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டு வெளியே வந்தவள், அவ்வளவுதான். அந்த அவசரத்துக்குத் தண்டனை மாதிரி, "நீதானே பெரியவ, விட்டுக் குடு" என்று கேட்டே வளர்ந்தாள். அம்மா எது வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவாள். ஒருத்திக்கு இருமல் என்றால் இன்னொருத்தி வாயிலும் மருந்தை ஊற்றிவிடுவாள். எப்படியும் இவளுக்கும் வரத்தானே போகிறது என்பது அம்மாவின் நியாயம்.

வேலையும் ஜோடியாகவே அமைந்தது. கடைத்தெருவில் இருந்த பெரிய ஜவுளிக்கடையில் துணி மடிக்கத்தான் சேர்ந்தார்கள். இருவரையும் ஒருசேரப் பார்த்த முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றிவிட்டது. மறுநாளே கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒரே நிறத்தில் உடுப்பு. இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடை, இவளுக்கு இடது தோளில், அவளுக்கு வலது தோளில். ஒரே குரலில் "வாங்க, வாங்க" என்று சொல்ல வேண்டும். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், எடுத்த கையோடு உள்ளே போய்த் துணியும் வாங்கினார்கள். சிலர், "இதுல ஒரிஜினல் எது?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். பெரியவளும் சிரித்து வைப்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அந்தச் சடையை வெட்டிப் போட வேண்டும். காது தெரிய, ஒட்ட வெட்ட வேண்டும். அலசிக் காயவைத்துப் பின்னி முடிப்பதற்குள் தோள்பட்டை விட்டுப் போகிறது. அதைவிட, கண்ணாடியில் பார்த்தால் தான் தெரிய வேண்டும், தங்கச்சி தெரியக் கூடாது. இதை யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை, சின்னவளிடம் தவிர. மொட்டைமாடியில் முடி காயவைக்கும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

"ஒரு நாள் வெட்டிடணும்டி."

"வெட்டேன். உன் கையை யாரு பிடிச்சா?"

"முதலாளி சும்மா விடுவாரா? அம்மா விடுவாளா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"சரி, அந்த நாலு பேரையும் கேட்டுட்டு வா, அப்புறம் வெட்டலாம்" என்பாள் சின்னவள்.

இப்படியே பேசிப் பேசிப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் வெளியே போன சின்னவள், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். காது பளிச்சென்று தெரிந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார், பார்த்தார், மறுபடி எடுத்துக்கொண்டார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "துணிச்சல்காரிதான் போ! யாரையும் கேக்காம தனியா முடிவெடுத்திருக்கா பாரு" என்று மெச்சினாள்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. இவள் முடிவாமே! மாடியில் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது யார்? கூடவே இன்னொரு கொடுமை, அந்த முடி சின்னவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. முகம் அதே முகம் என்பதால் தனக்கும் எடுப்பாகத்தான் இருக்கும். அந்த நினைப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பு ஜோடி மாறிப் போனவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். "ஜோடி கெட்டுப் போச்சே" என்றார். ஆனால் வியாபாரி இல்லையா, சட்டென்று தேறிக்கொண்டார். "சரி, இதுவும் புதுசாத்தான் இருக்கு. ஏம்மா, நீயும் இதே மாதிரி வெட்டிக்கிட்டு வந்துடு. இல்லேன்னா வாசல்ல நிக்கறதுல அர்த்தமே இல்ல."

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதே பாட்டு. "வெட்டித் தொலைடி. ஒருத்தி ஒரு மாதிரி, ஒருத்தி ஒரு மாதிரின்னா பார்க்கச் சகிக்கல." நேற்றுத் தலையில் அடித்துக்கொண்டு அழுத அதே அம்மா!

"நல்லதுதானே? நீ ஆசைப்பட்டதுதானே?" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான், பெரியவள் வெடித்துவிட்டாள். "அது என் ஆசைடி! நீ எடுத்துத் தின்னுட்டு இப்ப எனக்கு எச்சிலைக் குடுக்கறியா?"

"நீ சொல்லிக்கிட்டே இருந்தே. நான் போனேன். உன்னைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா ரெண்டு பேரும் கிழவியானாலும் சடையோடதான் நின்னிருப்போம்."

உண்மையைச் சொல்லிவிட்டாளே என்று பெரியவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

வேறு வழியில்லாமல், முதலாளி சொல்லிவிட்ட முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியாகிவிட்டது. வெட்டுகிறவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டே போனை நீட்டினாள். "உங்க கடையிலேர்ந்து போட்டோ அனுப்பியிருக்காங்க. இதே மாதிரிதானே?"

திரையில் சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முதலாளி சொல்லி, அம்மா சொல்லி, தங்கச்சியின் போட்டோவைப் பார்த்து வெட்டவா இத்தனை காலம் ஆசைப்பட்டோம் என்று பெரியவளுக்குத் தோன்றியது. துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

சடையோடு நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். இந்த வேலை போனால் வேறு வேலை தயாராக இல்லை.

"நான் வெட்டல சார்."

"அப்ப வாசல்ல நிக்க முடியாதும்மா."

"நிக்கல சார். மேல் மாடியில திரைச்சீலைப் பிரிவுல ஆள் இல்லையே, அங்க போடுங்க."

முதலாளி சிரித்தார். "தங்கச்சி பக்கத்துல இல்லேன்னா உன்னை யாரு திரும்பிப் பார்ப்பாங்க?"

"என்னை ஏன் சார் பார்க்கணும்? துணியைப் பார்க்கட்டும்."

அவர் சிரிப்பு நின்றது. "ஒரு மாசம் பார்க்கறேன். ஓடலேன்னா வீட்டுக்குத்தான்" என்றார்.

ஓடியது. ஜன்னலுக்கு எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறது, எதிர் வீட்டிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு அவள் துணி எடுத்துக் கொடுத்தாள். மேல் மாடிக்கு வந்தவர்கள் அவளைத் தேடி மறுபடி வந்தார்கள். கீழே சின்னவள் தனியாக நின்று "வாங்க" என்றாள்; போட்டோ எடுக்க ஒரு ஆள் இல்லை. கடைசியில் அவளை மறுபடி துணி மடிக்கப் போட்டார்கள்.

"நீ மட்டும் தப்பிச்சுட்டே. உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள் சின்னவள் ஒரு சாயங்காலம்.

பெரியவளுக்குக் கேட்கக் கேட்க இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்தப் பழைய ஆசை மட்டும் போகவே இல்லை. தங்கச்சி முந்திக்கொண்டதால் அது தங்கச்சியுடைய ஆசை ஆகிவிடவில்லை. இப்போது வெட்டினால் அவளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டாள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சாப்பாட்டு இடைவேளையில் அதே முடிவெட்டும் கடையில் போய் உட்கார்ந்தாள்.

"போட்டோ இருக்கா?" என்றாள் வெட்டுகிறவள்.

"இல்ல. காது தெரியணும், அவ்வளவுதான்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துப் பூரித்துப் போனாள். "அப்பாடா! இப்பதான் ஜோடி சரியாச்சு."

"ஜோடி இல்லம்மா. ரெண்டு பேரு" என்றாள் பெரியவள்.

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. பெரியவள் உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். பின்னாலிருந்து சின்னவளும் எட்டிப் பார்த்தாள். ஒரே முகம்தான், ஆனாலும் அந்த முடி சின்னவளுக்குத்தான் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரியவள் தன் காதுகளை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.