முப்பத்தாறு திரிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அச்சங்குளத்துப் பக்கம் வெடி கம்பெனியில் போர்மேனாக இருப்பவனுக்கு ஆகாத குணம்தான்.

போன சீசனில் ஒரு கடைக்காரர் போன் போட்டார். திரி சட்டென்று எரிந்துவிடுகிறது, பற்றவைத்தவன் விலகுவதற்குள் வெடிக்கிறது என்றார். எங்கள் திரி சராசரியாக ஆறு விநாடி எரிய வேண்டும். அந்தத் திரியைச் செய்து தந்த திரிக்காரியின் புது லோடு அன்றைக்குத்தான் வந்திருந்தது. ஐந்து திரியை எடுத்துக் கொளுத்தினேன். ஒன்றுகூட ஆறைத் தொடவில்லை. இந்த லோடு தேறாவிட்டால் அவள் நாளை முதல் வர வேண்டாம் என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினேன்.

எங்கள் கம்பெனியில் தரம் பார்ப்பவள் புள்ளியியல் படித்தவள். திரிக்காரியின் கூடப்பிறந்த தங்கை.

"அஞ்சையும் எங்கன இருந்து எடுத்தீக, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"மேல இருந்துதான்."

வேறு எங்கிருந்து எடுப்பேன்? திரிக் குவியலுக்குள் கையை விட்டுத் துழாவாதே, உரசினால் போச்சு என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். அதனால் நாங்கள் எல்லாருமே மேலாக இருப்பதைத்தான் எடுப்போம். மேலே கிடப்பதோ வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தது, வேகமாக எரியும். இத்தனை வருஷமாக அதைப் பார்த்துத்தான் மொத்த லோடுக்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

அக்காவைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

கட்டுகளுக்கெல்லாம் நம்பர் போட்டு, சீட்டுக் குலுக்கி, வந்த நம்பர் கட்டை மட்டும் பூப்போல இரண்டு கையால் தூக்கி, கட்டுக்கு ஒரு திரியாக முப்பத்தாறு எடுத்தாள். காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது. கொளுத்துவதற்கு முன் ஒரு தாளை நீட்டினாள்.

"லோடு சராசரி ஆறுன்னே வச்சுக்கிடுவோம். நல்ல லோடுலகூட முப்பத்தாற எடுத்தா சராசரி கொஞ்சம் முன்னபின்னதான் வரும். பளைய லோடுகள்ல திரிக்குத் திரி எம்புட்டு மாறுதுன்னு பாத்துத்தான் இந்தக் கோடு. அஞ்சே முக்காலுக்குக் கீள போச்சுன்னா தற்செயல்னு நம்ப முடியாது. லோடு வேண்டாம். இப்பவே கையெளுத்துப் போடுங்க. எரிச்சு முடிச்சப்பெறகு கோடு போட்டா நம்ம மனசு அத நகத்தும்."

போட்டேன். முப்பத்தாறும் எரிந்தன. சராசரி, கோட்டுக்கு ஒரு இம்மி கீழே.

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. "இம்மிதானம்மா, விடு. நல்ல லோடா இருந்தும் தப்பா வந்திருக்கலாம்ல?"

"வரலாம் அண்ணாச்சி. நல்ல லோடுலயே நூத்துக்கு அஞ்சு தரம் இப்படி வரும். இது அந்த அஞ்சுல ஒண்ணாக்கூட இருக்கலாம்." சொல்லிக்கொண்டே 'தள்ளுபடி' என்று எழுதினாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. அப்படி ஒரு நேர்மையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

அவளே போய் அக்காவிடம் சொன்னாள். நான் பின்னால் நின்றேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள்.

"எம்புட்டுக் கொறையுது?"

"ஒரு இம்மி."

"கொளுத்துறது எவ பெத்த பிள்ளையோ. தண்ணில போட்டு அளிச்சிருங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு நான் வரட்டுமா, வேண்டாமா?"

"வாங்க," என்றேன். அதுவரை அவளை நான் ஒருமையில்தான் கூப்பிட்டிருந்தேன்.