ஏரி உறைந்த கிழமை

என் மாமா கலியாணம் கட்டியபோது அவருடைய தலையில் பாதி நரைத்துவிட்டிருந்தது. அம்மாவும் இரண்டு சின்னம்மாமாரும் கட்டிப் போகும்வரை காத்திருந்தவர், பிறகு காத்திருக்கிற பழக்கத்தை விட முடியாமல் இன்னும் சில வருடங்கள் காத்திருந்தார். வெம்பிளியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்துகொண்டு ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தார். மாமி நோர்வேயின் வடக்கு மூலையில், மீன் வெட்டிப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். முதல் கணவர் நோயில் இறந்து நாளாகியிருந்தது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பேசி முடித்துவைக்க, ஆர்ச்வே முருகன் கோவிலில் ஆரவாரமில்லாமல் தாலி கட்டினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவுக்குக் கலியாணம் என்பதைவிட எனக்குப் புதுப்பாவாடை என்பதுதான் பெரிய செய்தியாக இருந்தது.

மாமியின் சாமான்கள் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கின. இரண்டு சூட்கேஸ்கள். அவற்றோடு, படுக்கை விரிப்பில் சுற்றிய, என் உயரத்துக்கு ஒரு பொருள். விரிப்பை அவிழ்த்தால் உள்ளே கையால் சுற்றுகிற பிடி. அதன் கீழே திருகு திருகாக ஒரு நீண்ட இரும்பு.

அம்மா அதைச் சுற்றிவந்து பார்த்தார். "என்ன மச்சாள் இது, தண்ணிக் கான் அடைச்சால் குத்துற சாமானோ?"

"இல்லை, ஐஸில ஓட்டை போடுறது."

"என்னத்துக்கு?"

"மீன் பிடிக்க."

அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். அந்தத் துளைகருவி தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது. இரண்டு சூட்கேஸ்களில் ஒன்று மட்டும்தான் திறக்கப்பட்டது.

அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் கேட்டால், டொக்டரைப் பார்க்க வந்த இடத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள் பேசுவதுபோல இருக்கும். "நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று மாமி கேட்பார். "நீர் குடிச்சிட்டீரோ?" என்று மாமா கேட்பார். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமிக்கு ஆங்கிலம் வராது. நோர்வே பாஷையை மட்டும் படபடவென்று பேசுவார், அதுவும் ரெலிபோனில் தன் பழைய சிநேகிதிகளோடு. அப்படிப் பேசும்போது அவருடைய முகமே வேறு. ஃபோனை வைத்த பிறகு யன்னலடியில் நெடுநேரம் நிற்பார். ஒருநாள் குசினியில் அம்மா அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: "இவ திரும்பிப் போயிடுவா போல கிடக்கு. பாவம் அவன், கேக்கவும் தெரியாது, மறிக்கவும் தெரியாது."

இது எனக்கு நன்றாக விளங்கியது. மாமி போய்விட்டால் மாமா மறுபடியும் தனியே மேல்மாடியில் கிரிக்கெட் பார்ப்பார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தக் கிறிஸ்மஸ் லீவில் லண்டன் உறைந்தது. தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. பஸ்கள் நின்றன. மாமாவின் கடையில் வெங்காயம்கூட விறைத்துப்போனதாம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஹீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, மாமி மட்டும் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கேட்டார்: "பிள்ளை, இஞ்ச கிட்டடியில ஏரி ஏதும் இருக்கோ?"

இருந்தது. சில பஸ் தரிப்பு தள்ளி ஒரு பூங்கா. அதற்குள் ஒரு ஏரி. கோடைகாலத்தில் பச்சைக் குடைகளுக்குக் கீழே வெள்ளைக்காரக் கிழவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பார்கள். பஸ்ஸில் அந்தத் துளைகருவியோடு ஏறியபோது டிரைவர் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, அது என்ன என்றார். மாமியின் மொழிபெயர்ப்பாளர் நான்தான். மீன் பிடிக்க என்றேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, மீனுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். மாமிக்கு அதைச் சொன்னேன். லண்டனுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஏரிக்கரையில் 'ஐஸில் ஏறாதீர்கள்' என்ற பலகை இருந்தது. அதை வாசித்துச் சொன்னேன். "நல்லது" என்றார் மாமி. பக்கத்துக் கம்பத்தில் தொங்கிய சிவப்பு மிதவை வளையத்தையும் அதன் கயிற்றையும் இழுத்துப் பார்த்தார். பிறகு, தூண்டில்காரர்கள் இருப்பதற்காகத் தண்ணீருக்கு மேல் நீட்டிக் கட்டியிருந்த மரமேடையில் முழங்கால் போட்டுக் குனிந்து ஏரியைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை. அம்மா மீன்கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். ஒரு தடியால் தட்டிக் காதைக் கொடுத்தார். கண்ணாடிபோலக் கீழே இருட்டுத் தெரிகிற ஐஸ்தான் பலமானது என்றார். வெள்ளையாக இருப்பதில் பாதி பனியும் காற்றும்தானாம். சற்றுத் தள்ளி நாணல் பக்கமாக வாத்துகள் நீந்திக்கொண்டிருந்த மூலையைக் காட்டி, "அங்க வாய்க்கால் வந்து விழுகுது. ஓடுற தண்ணி உறையாது. அந்தப் பக்கம் கால் வைக்கப்படாது" என்றார்.

பிறகு மேடையிலிருந்தபடியே துளைத்தார். துளைகருவி கறகறவென்று இறங்கி, உடனே தண்ணீரைத் தொட்டுவிட்டது. ஓட்டைக்குள் விரலை விட்டு அளந்தார். ஒரு விரல் தடிப்பும் இல்லை.

"எவ்வளவு இருக்கோணும் மாமி?"

கையை நீட்டி, ஐந்து விரல்களையும் சேர்த்துக் குறுக்காகக் காட்டினார். "இவ்வளவு. அதுவும் கறுப்பு ஐஸ்."

அன்று பின்னேரம் மாமா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் மாமியிடம் திரும்பி, "அப்ப, எவ்வளவு?" என்றார். மாமி ஒரு விரலைக் காட்டி, அதையும் பாதி மடக்கினார். மாமா வைத்தியசாலைச் செய்தி கேட்டவர்போலத் தலையை ஆட்டினார்.

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு பின்னேரமும் மாமா சப்பாத்தோடேயே குசினி வாசலில் நின்று, "இண்டைக்கு?" என்பார். மாமி அடுப்படியில் கறியைத் துழாவியபடி விரல்களைத் தூக்கிக் காட்டுவார். ஒன்று. ஒன்றரை. இரண்டு. "மீன் வேணுமெண்டால் கடையில வாங்கலாம்தானே" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் மாமா அதற்குப் பிறகும் வாசலை விட்டுப் போகவில்லை. நோர்வேயில் என்ன மீன், ஓட்டைக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது, குளிராதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாமி சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்சாலைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கோப்பி ஃபிளாஸ்கோடு ஏரிக்குப் போவார்களாம். தனித்தனி ஓட்டையடியில் பேசாமல் இருப்பார்களாம். "பேசாமல் இருந்தாலும் தனிய இருக்கிற மாதிரி இராது" என்றார். இந்தத் துளைகருவி அவர் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். மாமா "ஓ" என்றார்.

சனி இரவு பனி கொட்டியது. ஞாயிறு வெயில். திங்களிலிருந்து குளிர் விட்டுவிடும் என்று ரேடியோ சொன்னது. மாமாவுக்கு லீவு. மூன்று பேரும் போனோம். ஏரியில் திருவிழாபோல ஆட்கள். எங்களுக்கு நேரெதிர்க் கரையோரம் பெடியன்கள் சறுக்கி விளையாடினார்கள். ஒரு அப்பா குழந்தையைச் சறுக்குப் பலகையில் வைத்து இழுத்துப் போனார்.

மாமி மேடையில் குனிந்து துளைத்து அளந்தார். மீண்டும் அளந்தார். எழும்பி, துளைகருவியைத் துடைத்தார்.

"காணாது, தடிப்புப் போதாது."

"அவ்வளவு பேர் நிக்கினம், பாரும்" என்றார் மாமா.

"நிக்கட்டும். மூண்டு விரல்தான் வரும். அதில மேல்பாதி வெள்ளை. ஏலாது."

சொல்லிவிட்டு, கோப்பி வாங்கி வருவதாகக் கடைப்பக்கம் நடந்தார். மாமி கோப்பி வாங்கப் போகவில்லை என்பது எனக்கே தெரிந்தது. தெருவில் யாரிடமும் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசமாட்டார். மாமா அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துளைகருவியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"மாமி வர முன்னம் நல்ல இடமாப் பாத்து ஒரு ஓட்டை போட்டு வைப்பம். ஒரு மீன் பிடிச்சால் போதும் அவவுக்கு."

"மாமா, வேண்டாம்! மாமி ஏலாது எண்டவ!"

"அங்க பார், சின்னப் பிள்ளையள் ஓடுதுகள்."

அவர் போனார். ஆட்கள் இல்லாத, அமைதியான இடமாகப் பார்த்துப் போனார். அதாவது நாணல் பக்கமாக. நான் கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். ஆட்டிய கையோடு, யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுத்ததுபோல நெஞ்சளவுக்குப் போய்விட்டார்.

சத்தம் பெரிதாக இல்லை. கோப்பை உடைகிற அளவுதான். மாமா ஐஸைப் பிடித்து ஏறப் பார்த்தார்; பிடித்த இடமெல்லாம் உடைந்தது. அவருடைய வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

மாமி வந்ததை நான் காணவில்லை. காணும்போது மிதவை வளையத்தோடு கரையில் நின்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"டேய்! இந்தப் பக்கம் திரும்பு! வந்த வழியாப் பார்! நீ போன ஐஸ்தான் உன்னைத் தாங்கினது!"

மாமா திரும்பினார்.

"கையை நீட்டி வை! காலை உதை! நீந்துற மாதிரி உதை! நெஞ்சை மேல கொண்டு வா!"

வளையத்தை எறிந்தார். எட்டவில்லை. இழுத்து மறுபடியும் எறிந்தார். மாமாவின் கை அதற்குள் போனது. "கயித்தைப் பிடிக்க ஆக்களை வரச் சொல்லு!" என்று என்னிடம் கத்தினார். நான் ஆங்கிலத்தில் அழுதேன். நாயோடு நின்ற ஒரு கிழவரும் இரண்டு பெடியன்களும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். மாமா வயிற்றால் வழுக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"எழும்பாத! படு! நீ எழும்பினால் நான் உன்னைக் கொல்லுவன்!"

அவர் எழும்பவில்லை. படுத்தபடியே கரைக்கு வந்து சேர்ந்தார். துளைகருவி ஏரியின் அடிக்குப் போயிருந்தது. மாமி அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. தன் ஜக்கெற்றைக் கழற்றி மாமாவைச் சுற்றினார். ஈரச் சப்பாத்தைப் பிடுங்கி எறிந்தார். தன் கம்பளித் தொப்பியை அவர் தலையில் காதுவரை இழுத்துவிட்டார். கிழவரின் காரில் வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் மாமி மாமாவின் கைகளைத் தன் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. மாமாவைப் போர்வைகளுக்குள் சுற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்லிவிட்டு, மாமி திட்டத் தொடங்கினார். "உனக்கு விசரா? நான் ஏலாது எண்டு சொன்னது உன்ர காதில விழேல்லையா? உன்னட்ட மீன் கேட்டனா நான்?" பிறகு தமிழ் போதாமல் நோர்வே பாஷைக்குப் போனார். கையை ஆட்டி, மேசையில் அடித்து, அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடியும் திட்டினார். மாமா பல் கிடுகிடுக்க இருந்து, அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் விளங்காமலே எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். "ஓமப்பா." "ஓம், பிழைதான்." மாமி குனிந்து அவர் கால்களைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே திட்டினார்.

நான் படிக்கட்டில் இருந்து விறைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் புருஷனை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோவிலில் பார்த்த அந்த மரியாதையான மாமி எங்கே போனார்? எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அம்மா, மாமி நாளைக்கே நோர்வேக்குப் போயிடுவாவோ?"

அம்மா மாமாவுக்காக இஞ்சித் தண்ணி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பை அடக்கிவைத்திருந்தார்.

"விசர்ப் பிள்ளை" என்றார். "இனி அவ எங்கயும் போகமாட்டா."

"இவ்வளவு ஏசுறா?"

"அதுதான்" என்றார் அம்மா.

முன்னறையில் மாமி இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். அம்மாவுக்கு அதில் என்ன கேட்டதென்று எனக்கு விளங்கவேயில்லை.