கொட்டகைக்குப் பின்னால் போன குட்டிகள்

ஆல்சீட் ஃபோந்தனோ என் அக்காள் ஓசீத்தின் கணவர். அரிசி ஆலையில் எந்திரம் பழுது பார்ப்பவர். ஆனால் லூசியானாவில் எங்கள் பக்கம் அவரை ஆலைக்காரர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, நாய்க்காரர் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் வளர்த்த கறுப்புச் சண்டை நாய்கள் கடிபட்டுச் செத்தாலும் சாகும், புறமுதுகு காட்டாது.

"பல்லும் பலமும் தீனியில வரும்டா. நெஞ்சுரம் மட்டும் ரத்தத்துலதான் வரணும்," என்பார் மச்சான்.

அந்த ரத்தம் கெடாமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் குளிர்காலத்துக்குள் முன்னால் ஆட்டிக் காட்டும் மாட்டுத்தோலைக் கண்டு சீறிப் பாயாத குட்டி கொட்டகைக்குப் பின்னால் போகும். துப்பாக்கி வெடிக்கும். அக்காள் அடுப்படியில் காப்பிக்கொட்டையைப் பேய் பிடித்தவள் போல அரைப்பாள். வாலில் வெள்ளை வளையம் போட்ட ஒரு குட்டிக்காக மட்டும் அவள் மல்லுக்கு நின்றாள். தொல்லை விட்டால் போதும் என்று மச்சான் அதை இறால் பிடிக்கிற யூக்ளிடிடம் தூக்கிக் கொடுத்தார்.

"படகுல எலி பிடிக்கட்டும். இது கோழை," என்றார்.

மூன்று வருஷம் கழித்து அதே யூக்ளிட் தன்னிடம் ஒரு நாய் இருக்கிறது என்று சவால் விட்டான். மச்சான் தன் உயிரான ஜெனரலை இறக்கினார்.

"ஜெனரல் சண்டையில முகத்தைத் திருப்பினா என் நாய் வம்சத்துக் கதை முடிஞ்சுது. அங்கேயே சுட்டுட்டு, மிச்ச நாயையும் சுட்டுடுவேன்," என்று ஊரறியச் சொன்னார். சொன்னால் செய்கிற மனுஷன் அவர்.

ஞாயிறு பூசை முடிந்து கரும்புக் கொட்டகையில் கூடினோம். சண்டைக்கு முன் எதிராளியின் நாயை நாம்தான் கழுவ வேண்டும், மேலே மருந்து கிருந்து தடவியிருந்தால் போய்விடும். மச்சான் வெந்நீரோடு குனிந்தார். வாலில் வெள்ளை வளையம்! நாய் அவர் மணிக்கட்டை நக்கியது.

"அட, நம்ம வீட்டு எலிபிடிச்சான்! ஏன்டா யூக்ளிட், நான் கழிச்சதைக் கொண்டாந்து அதோட அண்ணன்கிட்டயே மோத விடுறியா?"

கொட்டகை சிரித்தது. யூக்ளிட் சிரிக்கவில்லை.

"நல்லாக் கழுவுங்கண்ணே. பேச்சு அப்புறம் வச்சுக்கலாம்."

ஜெனரல்தான் மேலே இருந்தது, வெகுநேரம். வளையவாலின் முன்கால் ஒன்று தொங்கிவிட்டது. அது ஒரு முனகல்கூட விடவில்லை. பிறகு ஜெனரலுக்கு மூச்சு வாங்கியது. பிரித்து மூலைக்குக் கொண்டு போனார்கள். இனி நடுவில் கிழித்த கோட்டைத் தானாகத் தாண்டி எதிரி மேல் போகிற நாய்தான் நாய். மச்சான் கையை விட்டார். ஜெனரல் ஓரடி வைத்தது, நின்றது, தலையைத் திருப்பிக்கொண்டது.

வழக்கப்படி எதிர் நாயை விட்டார்கள். ஐயோ, அதை நான் எப்படிச் சொல்வேன்! தாடையைத் தரையில் ஊன்றி, மார்பால் இழுத்து இழுத்து, கோட்டைத் தாண்டிப் போனது வளையவால். கெட்ட வார்த்தையைத் தவிர வேறு தெரியாத பயல்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மனுஷனாகப் பிறந்த எனக்கு அதில் கால்வாசி நெஞ்சு கிடையாது.

மச்சான் சுடுவதற்காக வாசலில் வழி விட்டார்கள். அவர் தன் சட்டையைக் கழற்றி ஜெனரலைச் சுற்றினார்.

"இவன் எப்படா சீற ஆரம்பிச்சான்?" என்று யூக்ளிடைக் கேட்டார்.

"ரெண்டு வயசு வரைக்கும் பூனை மாதிரி படுத்துக் கிடந்தாண்ணே. அதுக்கப்புறம்தான்."

வண்டி வீடு வந்ததும் மச்சான் ஜெனரலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் நடந்தார். அக்காள் பதறி ஓடினாள். துப்பாக்கி வண்டியிலேயே கிடந்தது. அவர் புல்லில் உட்கார்ந்திருந்தார், ஜெனரல் மடியில்.

"ஓசீத், இந்த மண்ணுக்குள்ள எத்தனை குட்டி இருக்கும்?"

அக்காளுக்குக் கணக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.