கவிழ்த்து வைத்த படகு

என் மனைவிக்கு முறைப்பையன் ஒருவர் இருந்தார், அத்தை மகன். ஜாதகம் பொருந்தவில்லை என்று அந்தப் பேச்சு நின்றுபோய், அவள் எனக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் விழுப்புரத்தில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். உறவுக் கணக்கில் எனக்குத் தம்பி. அவளுக்கு அவர் 'மாமா'. நான் 'என்னங்க'.

அறுபதுகளின் தொடக்கத்தில், புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய அலுமினிய மீன்பிடிப் படகை அவர் வாங்கினார். வானூர்ப் பக்கம் கழுவெளி ஏரியில் இறக்கி வலை வீச வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டறையில் இடமில்லாததால், திண்டிவனத்தில், என் அம்மாவும் பிள்ளைகளும் நாங்களுமாக இருந்த வீட்டின் கொல்லைக்குக் கொண்டுவந்து, ஒரு பக்கம் கல் கொடுத்துக் கவிழ்த்து வைத்தார். ஞாயிறுதோறும் வருவார். பழைய பெயிண்டைச் சுரண்டினார். அரித்துப்போன இடங்களில் புதுத் தகடு வெட்டி ஒட்டுப் போட்டார்.

ஒட்டுக்கு ரிவிட் ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் சுத்தியால் அடிக்கும்போது, உள்ளே மற்றவர் கனத்த இரும்புக் கட்டி ஒன்றை அதே இடத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் பள்ளிக்கூட விடைத்தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். என்னைக் கேட்காமலே அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு படகுக்கடியில் புகுந்தாள்.

அவர்களுக்கிடையே ஒரு தகடு இருந்தது என்பதை நான் அறிவேன். ஆயினும் அவர் அடிக்கும் இடத்தை அவள் தவறாமல் கண்டுகொண்டதையும், அடி நின்ற கணமே இரும்பு அடுத்த ரிவிட்டுக்கு நகர்ந்ததையும் என்னால் அமைதியாகப் பார்க்க முடியவில்லை. தரைக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே அவள் முகம் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டுக்குள் நான் கண்டதில்லை. அவர் என்னவோ சொல்கிறார், அதற்குத்தான் சிரிக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு நானே உள்ளே போகிறேன் என்றேன். முதல் அடியிலேயே காது அடைத்தது. தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி கொட்டுவது போன்ற அந்த இரைச்சலில், வெளியே யார் என்ன பேசினாலும் உள்ளே எட்டாது. அவர் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அப்படியானால் அவள் எதற்குச் சிரித்தாள்?

அன்று மாலை அவளையே கேட்டேன். அரிசி களைந்தபடி, முகம் பார்க்காமல் சொன்னாள்:

"உள்ள பூந்துட்டா அத்தை கூப்புடறது கேக்கல, பசங்க கூப்புடறது கேக்கல, நீங்க கூப்புடறதும் கேக்கலங்க."

அதன்பின் அவர்மீது எனக்குக் கோபமில்லை. பொறாமை இடம் மாறி, அந்த அலுமினியக் கூட்டின்மீது போய் உட்கார்ந்தது. ஒரு மனிதனோடு போட்டியிடலாம். நான் இல்லாத இடம் ஒன்று அவளுக்கு இன்பம் தருமானால், அதனோடு எப்படிப் போட்டியிடுவது? அவள் மறைந்துவிட்ட இன்றும் எனக்கு அது விளங்கவில்லை, பொறாமையும் தீரவில்லை.

ஒட்டுகள் முடிந்தன. படகை நிமிர்த்தி, நீர் நிரப்பிப் பார்த்தார். சொட்டுக்கூடக் கசியவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்து வண்டி ஏற்றிவிடலாம் என்றார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு, அடியில் நீளமாக இன்னொரு தகட்டுப் பட்டை வைத்து அடித்தால் பலமாக இருக்குமே என்றேன்.

"பட்டை மேல பட்டையா? இது படகாண்ணே, ரயில் பெட்டியாண்ணே?" என்று அவர் சிரித்தார். "வாத்தியாரு பாஸ் மார்க்கு போட மாட்டாரு போலக்கீது."

"இருக்கட்டும். அடிச்சுடு."

மீண்டும் படகைக் கவிழ்த்தோம். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள். சுத்தி விழத் தொடங்கியது. சற்று நேரத்தில், அடுக்களையிலிருந்து அம்மா அவளைக் கூப்பிட்டார்.

விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டு, என்னவென்று கேட்க நான் எழுந்து போனேன்.