நூற்றி ஆறாவது கல்

கேன்டர்பரி எங்கிட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ஒரு ஊராம். அங்கே உட்கார்ந்திருந்த பெரிய பிஷப்மார் நூற்றி ஆறு பேரையும் சனிக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன். எல்லோரும் எங்கள் கோயில் சுவரில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சாண் கருங்கல்.

எங்கள் கோயில் புதுக்கோட்டையில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சர்ச்சு. அதைக் கூட்டுகிறேன், மணி அடிக்கிறேன், கல்லறைத் தோட்டத்தில் புல் அறுக்கிறேன். ஐந்தாவது வரை படித்தேன். ஞானஸ்நானம் வாங்கினவள்தான். ஆனால் குடும்பங்களின் லிஸ்டில் என் பேர் இல்லை. பெஞ்சு, ஃபேன், ஆர்மோனியம் எல்லாம் எழுதி வைத்த நோட்டில் கடைசியில் இருக்கிறது.

எனக்கு ஒரே மகள். வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தாள். கொரோனா வந்த வருஷம் வேலை பார்த்த வார்டிலேயே படுத்தாள். அங்கேயே போய்விட்டாள். கொண்டு வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அவள் அப்பா பக்கத்தில் வைக்கலாம் என்று இருந்தேன். எங்கள் கமிட்டி செகரட்டரி, ரிட்டையரான ஹெட்மாஸ்டர், என் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பினார். கல்லறைத் தோட்டத்துச் சாவி அப்போது என் இடுப்பில் இருந்தது.

"சார் வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

கொடுத்தேன். அவளை அந்த ஊரிலேயே எடுத்துப் புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று போய்க் கேட்டேன். ஒருத்தர் இங்கிட்டு என்றார், ஒருத்தர் அங்கிட்டு என்றார். ஒன்றரை மாதம் கழித்துச் சாவி திரும்பி வந்தது. புல் வளர்ந்துவிட்டதாம்.

அதற்குப் பிறகு செகரட்டரியிடம் மூன்று தடவை கேட்டேன். ஒரு கல்லில் என் மகள் பேரை வெட்டி அவள் அப்பா பக்கத்தில் நட்டுக்கொள்கிறேன் என்று. மூன்று தடவையும் ஒரே பதில்.

"ஆளு இல்லாத எடத்துல கல்லு நட்டா நாளைக்கு ஆளாளுக்கு நடுவாங்க. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா."

"சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்ல.

இப்படி இருக்கும்போது கோயிலுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு ஒரு புதுச் சபை வந்தது. டிரம்ஸ், கீபோர்டு, கலர் லைட்டு. எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராக அங்கே நழுவினார்கள். செகரட்டரியால் பொறுக்க முடியவில்லை. கமிட்டியில் எழுந்து பேசினார். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம கோயிலு நேத்து தகரத்துல மொளைச்சது இல்ல. ஆயிரத்து நானூறு வருஷமா ஒருத்தர் தலையில ஒருத்தர் கை வச்சு வந்த வரிசை. கேன்டர்பரி மொதப் பேராயர்லேருந்து எல்லாரையும் செவுத்துல பதிப்போம். எதுத்தாப்ல உள்ளவன் வந்து பாக்கட்டும்."

பாஸ்டர் சின்ன வயசு. மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான். "அது இங்கிலாந்து சபைங்களே சார். நாம தனியா வந்து ரொம்ப நாளாச்சே" என்றார்.

"வேரு அங்கதான இருக்கு?"

வேரைப் பற்றி அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கல்லுக்கு யார் உபயம் என்பதற்குப் போய்விட்டார்கள். டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதியே வெளிச்சம் வராமல் போன ஊர் இது. ஒரு பேராயருக்கு ஒரு குடும்பம் என்று முடிவானது. மேலே அவர் பேர், கீழே உபயதாரர் பேர், யாருடைய நினைவாக என்று ஒரு வரி. அரிமளத்துப் பக்கம் கல் வெட்டுகிறவர் மாதிரிக்கு ஒரு கல் கொண்டு வந்து காட்டினார். உபயதாரர் பேர் பேராயர் பேரை விட ஒரு சுற்று பெரிதாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்துப் போனது.

முடிவான அன்றைக்கே நினைவாக என்ற சொல்லை நான் கேட்டுவிட்டேன். டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க சார்."

"குடும்பங்களுக்குத்தாம்மா. லிஸ்ட்ல இருக்கவங்களுக்கு."

டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

யாருக்கு எந்தப் பேராயர் என்று சண்டை வரக் கூடாது. அதனால் குலுக்கல். பாஸ்டர் போனைப் பார்த்துச் சீட்டு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சீட்டுகளைக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்கினார்கள். முதல் பேராயர் மட்டும் பைக்குள் போகவில்லை. அவர் செகரட்டரியின் சட்டைப்பையில் இருந்தார்.

செகரட்டரி மைக்கைப் பிடித்தார். "கைக்கு வந்த சீட்டு ஆண்டவர் குடுத்தது. மாத்தறது, பக்கத்துல உள்ளவங்ககிட்ட பேரம் பேசறது, ஒண்ணும் கெடையாது."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். குடும்பங்கள் குறைவு. சிலருக்கு இரண்டு பேராயர் விழுந்தார்கள். எடுத்தவர்கள் எல்லாம் பாஸ்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். நம்ம ஆளு யாரு, என்ன செஞ்சாரு என்று. பாவம், அவர் போனில் தேடித் தேடிப் படித்தார்.

முதலில் ரிட்டையரான வி.ஏ.ஓ.

"உங்காளு மந்திரியாவும் இருந்திருக்காருங்க. தலைக்கு இவ்வளவுன்னு வரி போட்டதுல குடியானவங்க கெளம்பி வந்து தலைய வெட்டிட்டாங்க."

"வரி போட்டதுக்கா?"

"ஆமாங்க."

வி.ஏ.ஓ. பிடரியைத் தடவிக்கொண்டார். "மேலேருந்து வந்தத நாங்க வசூல் பண்ணோம். அம்புட்டுத்தான்" என்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது பிரியாணிக் கடைக்காரர். அவருடைய பேராயரைக் கடல் தாண்டி வந்த கொள்ளைக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். விருந்து தின்றுவிட்டு எலும்பை எறிந்தே அடித்திருக்கிறார்கள்.

"என்ன எலும்பு ஐயா?"

"மாட்டெலும்புன்னு போட்டிருக்குங்க."

"நம்ம கடையில மாடு கெடையாது. எல்லாருக்கும் தெரியும்" என்று கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

பத்திர ஆபீஸ் கிளார்க்குக்கு உயிரோடு எரிக்கப்பட்ட பேராயர். அந்த ஆள் உயிருக்குப் பயந்து, தன் விசுவாசம் தப்பு என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசியில் மனசு கேட்காமல், கையெழுத்துப் போட்ட கையைத்தான் முதலில் நெருப்பில் நீட்டினாராம். கிளார்க் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவர் சம்சாரம் விடவில்லை.

"ஏங்க, எரிஞ்ச ஆளா நமக்கு? தையில பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். திருப்பிக் குடுங்க."

"ஆண்டவர் குடுத்ததும்மா" என்றார் செகரட்டரி.

"ஒங்களுக்குக் குடுத்தாருன்னா தெரியும்."

இன்னொரு பேராயர் மான் வேட்டைக்குப் போயிருக்கிறார். குறி தப்பி, கூட வந்த காவல்காரன் மேல் அம்பு பாய்ந்து அந்த ஆள் செத்துப்போனார். அது ஒரு வக்கீலுக்கு விழுந்தது.

"கேஸு என்னாச்சு?"

"ராசா விட்டுட்டாருங்க."

"அப்ப சரி."

ராஜாவோடு ஒத்துப்போகாமல் கோயிலுக்குள்ளேயே வெட்டுப்பட்ட ஒருத்தர் இருந்தார். அவரைப் புனிதர் ஆக்கிவிட்டார்களாம். அவருக்குத்தான் கிராக்கி. அவர் யாருக்குப் போனார் தெரியுமா? மூன்று மாதமாக எதிர்க் கொட்டகையில் டிரம்ஸுக்குக் கை தட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு. குலுக்கலுக்கென்று அன்றைக்கு வந்திருந்தார்கள். வெட்டினவர்கள் பேரைப் பாஸ்டர் வாசித்தார். அந்தத் தரையை யார் கழுவினார்கள் என்று போனில் போடவில்லை.

டீச்சரம்மாவுக்கு வந்தவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. வந்தார், இருந்தார், போனார். டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்மாள யாரும் எரிக்கக்கூட இல்லையா ஐயா?" என்று கேட்டார்கள்.

இடையில் சில வருஷம் பேராயரே இல்லையாம். இருந்தவர் தலையை வெட்டிவிட்டு அடுத்த ஆளைப் போடவில்லை. "அப்பக் கோயிலு எப்படி நடந்துச்சு?" என்று வக்கீல் கேட்டார். யாராவது கூட்டியிருப்பார்கள்.

செகரட்டரி தன் சட்டைப்பையில் இருந்த ஒன்றாம் நம்பரைப் பெருமையாக நீட்டினார். பாஸ்டர் தயங்கினார். பிறகு படித்தார்.

"ரோமிலேருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்காங்க. பாதி வழியில கூட வந்தவங்க எல்லாரும் பயந்துபோயி, நாங்க வரலைன்னு சொல்ல இவர் திரும்பிப் போயிருக்காருங்க. போப்பு மறுபடியும் போகச் சொல்லி அனுப்பியிருக்காரு."

"அந்தப் போன் சரியில்ல" என்றார் செகரட்டரி.

நூற்றி ஐந்தாவது ஆள் போன வருஷம் ராஜினாமா செய்துவிட்டார் என்று பாஸ்டர் படித்தார்.

"தானாவா?" செகரட்டரி இரண்டு தடவை கேட்டார். அவர் செகரட்டரி ஆனபோது என் மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியாக எடுத்தவர் கான்ட்ராக்டர். பெரிய கை. பையில் ஒரு சீட்டுதான் மிச்சம் இருந்தது. பிரித்துப் பாஸ்டரிடம் கொடுத்தார்.

"இவங்க இப்ப வந்திருக்கவங்க சார். நூத்தி ஆறு. மொத மொதல்ல ஒரு பொம்பளை. முன்னாடி நர்ஸா இருந்தாங்க."

"நர்ஸம்மா பேருக்குக் கீழ எம்பேரா?" சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டார். "கை தவறிருச்சு."

மாற்றக் கூடாது என்று மைக்கில் சொன்ன செகரட்டரி மைக்கை மூடிக்கொண்டார். "நூத்தி அஞ்சோட நிறுத்திக்குவோம். அண்ணனுக்கு வாசல்ல தனிக் கல்லு, திறப்பு விழாக் கல்லு."

எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள்.

காணிக்கைப் பையை உதறி மடித்து வைப்பது என் வேலை. உதறினேன். சீட்டு என் காலடியில் விழுந்தது. எடுத்து நீவினேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். செகரட்டரி மரத்தடியில் நாற்காலி போட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள்.

"சார், எனக்குச் சீட்டு விழுந்திருக்கு."

"அது கழிச்ச சீட்டும்மா."

"கைக்கு வந்தது ஆண்டவர் குடுத்ததுன்னு சொன்னீங்க."

"அது லிஸ்ட்ல உள்ளவங்களுக்குச் சொன்னது."

"ஆண்டவரு லிஸ்ட் பாத்துத்தான் குடுப்பாருங்களா?"

டீச்சரம்மா சிரித்துவிட்டார்கள். செகரட்டரிக்கு முகம் சிவந்தது. "பொம்பளைன்னு அந்தம்மாவ எத்தனையோ சபையில ஒத்துக்கவே இல்ல. விவரம் தெரியாமப் பேசாத."

"எரிஞ்சவரு இருக்காரு. வெட்டுப்பட்டவரு இருக்காரு. காவக்காரனக் கொன்னவரு இருக்காரு. ஒரு நர்ஸு ஓரமா இருந்துட்டுப் போறா சார்."

எந்த நர்ஸ் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. சோற்றில் இருந்த கை நின்றது.

"அதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். ஆளு இல்லாத எடத்துல கல்லு வைக்க முடியாதும்மா."

"இவங்க யாரும் இந்தச் செவுத்துக்குள்ள இல்லையே சார்."

வி.ஏ.ஓ.தான் முதலில் வாய் திறந்தார். "குடுத்துருங்க சார். எனக்கே தலை போனவன் வந்திருக்கான்." கிளார்க் சம்சாரமும் சேர்ந்துகொண்டார்கள். "எங்களுக்கு மட்டும் எரிஞ்சவரக் கட்டிவிட்டீங்கள்ல? அந்தக்காவுக்கும் குடுங்க."

"கடைசியில, வாசக்கதவு பக்கம்" என்றார் செகரட்டரி. பொட்டலத்தை மடித்துவிட்டார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

கல் வெட்டுகிறவர் நூற்றி ஆறு கல்லுக்கும் அளவெடுத்து அறுத்து வைத்திருந்தார். ஒன்று மிச்சப்பட்டதில் அவருக்கும் வருத்தம். நான் போய்ச் சொன்னதும் அன்றைக்கே வெட்டினார். வண்டியில் கல் வந்து இறங்கியபோது ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் இருந்தது.

"என்னண்ணே இது?"

"உளி வைக்கிறதுக்கு முன்னாடி பொட்டு வைக்காம நான் எந்தக் கல்லத் தொட்டேன்?"

செகரட்டரி வருவதற்குள் நூற்றி ஆறு பேராயருக்கும் நான்தான் பொட்டை அழித்தேன்.

சுவரில் ஏறிய பிறகுதான் சூட்சுமம் தெரிந்தது. கடைசிக் கல்லுக்குக் குறித்துக் கொடுத்த இடம் இடது கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தால் பலகை போய்ச் சுவரோடு ஒட்டும். கல் மறைந்துவிடும். ஆராதனை நேரம் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும். பூட்டின பிறகு கல் தெரியும். அப்போது உள்ளே யார் இருக்கிறார்கள்?

திறப்பு விழா நடந்தது. கான்ட்ராக்டர் கல் வாசலில் நடுவே இருக்கிறது. நூற்றி ஆறு பேரையும் சேர்த்து வைத்தாலும் அத்தனை அகலம் வராது. செகரட்டரி விழாவில் பேசும்போது நூற்றி ஐந்து என்றுதான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு வலது கதவை மட்டும் திறந்தேன். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் ஒற்றைக் கதவு வழியாக வெளியே போக வேண்டியதாயிற்று. வரிசை நின்றது. நிற்கிற நேரத்தில் மனுஷர் எங்கே பார்ப்பார்கள்? நேரே கல் இருந்தது. மேலே பேராயரம்மா. கீழே என் மகள். டீச்சரம்மா வாய்விட்டு வாசித்தார்கள். பின்னால் நின்ற பிள்ளைகளும் வாசித்தார்கள்.

செகரட்டரிக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. கல்லுக்கு நேரே ரொம்ப நேரம் நின்றார். வேறு பக்கம் பார்த்தார். வேறு பக்கம் ஆட்கள் இருந்தார்கள்.

"இந்தக் கதவுக்கு என்னம்மா?"

"கீல் துருப்பிடிச்சுப் போச்சுங்க சார்."

"எண்ணெய் போடு."

"போடறேங்க சார்."

இது நடந்து ஏழெட்டு ஞாயிறு ஆயிற்று. இன்னும் வரிசைதான். கீலுக்கு எண்ணெய் போடுவதும் என் வேலை. எண்ணெய்ப் புட்டி என் இடுப்பில், சாவிக் கொத்தோடு இருக்கிறது. அதை வாங்கிவரச் சொல்லி இதுவரை யாரும் ஆள் அனுப்பவில்லை.